தெற்கு கியோங்சாங் ஆளுநர் நாற்காலியும் கிம் கியோங்-சூவும்: பதவி, தொடர்புகள், வழக்கு (விவாத இழை)

பூவரசு:

தென்கொரிய அரசியல் என்றாலே நம் பேச்சு சியோலைத் தாண்டுவதில்லை. அங்கே ஓர் அரசியல்வாதி எப்படி உருவாகிறார், எப்படிச் சரிகிறார் என்பதை மாகாணத் தலைநகரங்களிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரே ஆளை வைத்துப் பேசுவோம்: கிம் கியோங்-சூ. 2018 ஜூலை முதல் 2021 ஜூலை வரை தெற்கு கியோங்சாங் மாகாண ஆளுநர்.

கொரிய ஆளுநர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். 1995 முதல் மக்கள் நேரடி வாக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 4 ஆண்டு. தொடர்ந்து மூன்று முறை இருக்கலாம், அதற்கு மேல் முடியாது. தெற்கு கியோங்சாங்கின் தலைநகரம் சாங்வோன். 8 நகரங்கள், 10 மாவட்டங்கள், ஏறக்குறைய 33 லட்சம் மக்கள். எந்திரத் தொழில், கப்பல் கட்டும் தளங்கள், மேற்கே வயல்வெளி. பல பத்தாண்டுகளாகப் பழமைவாதிகளின் கோட்டை.

கிம் 1967இல் அதே மாகாணத்தின் கோசோங்கில் பிறந்தார், ஜின்ஜுவில் வளர்ந்தார். சியோல் தேசியப் பல்கலையில் மானுடவியல் படித்தார். மாணவர் இயக்கத்தில் சிறை கண்டவர். 1990களில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் உதவியாளர். 2002இல் அதிபர் தேர்தலில் வென்ற ரோ மூ-ஹியுனின் தேர்தல் குழு. பிறகு ஐந்து ஆண்டும் அதிபர் அலுவலகமான நீல மாளிகையில், கடைசியாக உரைத் திட்டமிடல் செயலர். 2008 பிப்ரவரியில் ரோ பதவி முடிந்து கிம்ஹே நகரின் போங்ஹா கிராமத்துக்குத் திரும்பியபோது, கூடவே போய்த் தங்கியவர்களில் ஒருவர். 2009 மே 23 அன்று ரோ இறந்த பிறகும் அங்கேயே நின்று ரோ அறக்கட்டளையின் கிராமப் பணியைக் கவனித்தார். 'ரோவின் கடைசிச் செயலர்' என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

என் கருத்து ஒன்றுதான்: அவரை நாற்காலியில் உட்காரவைத்ததும், நிதி கொண்டுவர வழி திறந்ததும், கடைசியில் சிறைக்கு அனுப்பியதும் ஒரே தொடர்புச் சங்கிலி. முதலில் ரோ, பிறகு 2017இல் அதிபரான மூன் ஜே-இன். இதை மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

கடற்கரை67:

தனி மனிதரைப் பார்ப்பதற்கு முன் அந்த நாற்காலியின் கதையைப் பார்க்கவேண்டும். 2003க்கும் 2021க்கும் நடுவே அங்கே இருந்த ஐந்து ஆளுநர்களில் நால்வர் பதவிக்காலம் முடியுமுன்பே வெளியேறியவர்கள்.

கிம் ஹியுக்-கியூ: 1993இல் நியமனத்தில் வந்து, 1995, 1998, 2002 மூன்று தேர்தலிலும் பழமைவாதக் கட்சி சார்பில் வென்றவர். 2003 டிசம்பரில் பதவியைத் துறந்து ரோவின் பக்கம் தாவினார். ரோ அவரைப் பிரதமராக்க நினைத்தார், நடக்கவில்லை.

அந்தக் காலி இடத்துக்கு 2004 ஜூனில் இடைத்தேர்தல். வென்றவர் பழமைவாதக் கட்சியின் கிம் டே-ஹோ, நாற்பதைத் தாண்டியவுடனேயே ஆளுநர். 2010 வரை முழுதாக இருந்தவர் இவர் ஒருவர்தான். அதே ஆகஸ்டில் அதிபர் லீ மியுங்-பாக் இவரைப் பிரதமர் பதவிக்கு முன்மொழிந்தார். கிம்ஹே தொழிலதிபர் பார்க் யோன்-சாவை எப்போது முதலில் சந்தித்தார் என்று சொன்னதும், கிடைத்த பழைய புகைப்படமும் ஒத்துப்போகவில்லை, விலகிக்கொண்டார். இந்தப் பார்க் யோன்-சா ரோவின் நீண்டகால ஆதரவாளரும்கூட. 2009இல் ரோவைச் சுற்றி நடந்த இலஞ்ச விசாரணை அவர் கொடுத்த பணத்திலிருந்துதான் கிளம்பியது. இரு முகாமுக்கும் கைகொடுத்த ஒரே தொழிலதிபர், ஒரே ஊர்.

கிம் டூ-குவான்: நாம்ஹேவில் கிராமத் தலைவராகத் தொடங்கி மாவட்டத் தலைவர், 2003இல் ரோவின் உள்துறை அமைச்சர். 2002, 2006 இரண்டிலும் தோற்று, 2010இல் சுயேச்சையாக நின்று எதிர்க்கட்சிகளின் கூட்டு ஆதரவில் வென்றார். இரண்டே ஆண்டில், 2012 ஜூலையில், அதிபர் வேட்பாளர் ஆவதற்காகப் பதவி விலகினார். கட்சி உள்தேர்தலில் மூன்றாம் இடம். வேட்பாளரானவர் மூன்.

விலகலின் விலை என்ன? 2012 டிசம்பர் இடைத்தேர்தலில் பழமைவாதக் கட்சியின் ஹோங் ஜூன்-பியோ 62.9 விழுக்காடு வாங்கி உள்ளே வந்தார். அதிபர் தேர்தல் நாளிலேயே ஆளுநர் தேர்தலும் நடந்தது. முற்போக்கு முகாம் அங்கே இரண்டையும் இழந்தது.

சட்டப்பக்கம்:

ஹோங் எப்படி வெளியேறினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். விதியின் இடுக்கை அவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்திய நிகழ்ச்சி குறைவு.

2017 மே 9 அதிபர் தேர்தல். வேட்பாளராக நிற்கும் ஆளுநர் 30 நாள் முன்பே, அதாவது ஏப்ரல் 9க்குள், விலகவேண்டும். அதே நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு அறிவிப்புப் போனால் ஆளுநர் இடத்துக்கும் மே 9 அன்றே இடைத்தேர்தல். ஹோங் மாகாண அவைத் தலைவருக்கு விலகல் கடிதம் அனுப்பியது ஏப்ரல் 9 இரவு 11:57. தேர்தல் ஆணையத்துக்கு அறிவிப்புப் போனது மறுநாள். மூன்று நிமிடத்தில் அவர் வேட்பாளராகும் தகுதி காக்கப்பட்டது, இடைத்தேர்தல் இல்லாமல் போயிற்று. அடுத்த 2018 ஜூன் வரை, ஏறத்தாழ 15 மாதம், மாகாணத்தை நடத்தியவர்கள் பொறுப்பு ஆளுநர்கள்.

பொறுப்பு ஆளுநர் என்பவர் நிர்வாகத் துணை ஆளுநர். இவர் மத்திய அரசின் அதிகாரி. அன்றாட வேலை ஓடும். மாகாணத்துக்காக சியோலில் மேசையைத் தட்டிக் கேட்க ஆள் இருக்காது. நாற்காலி காலியாவதால் வரும் உண்மையான நட்டம் அதுதான்.

ஹோங் காலத்தில் நடந்த இரண்டு செயல்களையும் மறக்கவேண்டாம். 2013இல் ஜின்ஜு அரசு மருத்துவமனையை மூடினார். 2015இல் பள்ளிகளில் எல்லோருக்கும் இலவச மதிய உணவு என்ற திட்டத்துக்கு மாகாணப் பங்கை நிறுத்தினார். 2018 தேர்தலின் தரையைத் தயார் செய்தவை இவை.

நாடோடி வாசகன்:

கிம் கியோங்-சூ 2018க்கு முன்பும் நின்றிருக்கிறார் அல்லவா? மூனின் செல்வாக்கால் வந்தவர் என்று மட்டும் சொன்னால் அந்த உழைப்பு மறைந்துபோகும்.

கடற்கரை67:

நின்றார், இரண்டு முறை தோற்றார். 2012இல் கிம்ஹே 'உல்' நாடாளுமன்றத் தொகுதியில் முன்னாள் ஆளுநர் கிம் டே-ஹோவிடம்: 52.1க்கு 47.9. 2014 ஆளுநர் தேர்தலில் ஹோங்கிடம் 58.9க்கு 36.1. அதன் பிறகு 2016இல் கிம்ஹே 'உல்' தொகுதியில் 62 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி நாடாளுமன்றம் போனார். 2018இல் ஆளுநர் தேர்தலில் மறுபடியும் எதிரே கிம் டே-ஹோ. இந்த முறை 52.8க்கு 43.0. ஜனநாயகக் கட்சியின் சின்னத்தில் நின்று அந்த நாற்காலியைப் பிடித்த முதல் ஆள் இவர்தான். கிம் டூ-குவான் வென்றது சுயேச்சையாக.

உள்ளூர் உழைப்பு உண்மைதான். ஆனால் எந்த உள்ளூர் என்று பாருங்கள். கிம்ஹே ரோவின் ஊர். புசானிலிருந்து இளைய குடும்பங்கள் வந்து குடியேறி வளர்ந்த நகரம். பக்கத்திலிருக்கும் யாங்சான் மூன் வீடு வைத்திருந்த ஊர். கோஜே தீவு மூன் பிறந்த இடம். சாங்வோனில் ஆலைத் தொழிற்சங்கங்கள் வலுவானவை. கிழக்கு, தெற்குக் கரைகளில் வாக்கு அள்ளி, மேற்கு மாவட்டங்களில் வந்த இழப்பை ஈடுகட்டுவதுதான் இவருடைய கணக்கு. 2017 அதிபர் தேர்தலில் இதே மாகாணத்தில் ஹோங் 37.2, மூன் 36.7. அந்த அரை விழுக்காட்டு இடைவெளியைப் பார்த்தவுடனேயே அடுத்த ஆண்டு ஆளுநர் பதவி எட்டும் தூரம்தான் என்று கட்சிக்குப் புரிந்துவிட்டது.

இன்னொரு நுணுக்கம். கிம் காலி செய்த தொகுதிக்கு 2018 ஜூன் 13 அன்றே இடைத்தேர்தல். வென்ற கிம் ஜோங்-ஹோவும் போங்ஹாவில் ரோவுடன் வேளாண் வேலையைப் பார்த்தவர். அந்தத் தொகுதி குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது போலத்தான்.

நாடோடி வாசகன்:

சரி, நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்தார்? தொடர்பு இருந்ததால் உருப்படியாகக் கிடைத்தது என்ன?

பூவரசு:

இங்கேதான் விரிவாகப் பேசவேண்டும்.

கொரிய மாகாணத்தின் கையில் சொந்த வரி வருவாய் குறைவு. சாலை, இரயில், துறைமுகம், பெரிய மருத்துவமனை எல்லாமே சியோலின் நிதித் துறை ஒப்புதலில் தொங்குபவை. மொத்தச் செலவு 5,000 கோடி வொன்னுக்கு மேலும் அதில் அரசுப் பங்கு 3,000 கோடி வொன்னுக்கு மேலும் இருந்தால் முன்சாத்தியக்கூறு ஆய்வு அப்போது கட்டாயமாக இருந்தது. அந்த ஆய்வில் பயன்-செலவு விகிதம் பார்ப்பார்கள். மக்கள் தொகை குறைந்த பகுதியில் இரயில் போட்டால் அது தேறாது. ஆள் இல்லாததால் இரயில் வராது, இரயில் இல்லாததால் ஆள் வரமாட்டார். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, மண்டலச் சமநிலை வளர்ச்சி என்ற காரணம் காட்டி அமைச்சரவை தரும் ஆய்வு விலக்கு.

கிம்சோனிலிருந்து ஜின்ஜு வழியாகக் கோஜே வரை போகும் தெற்கு உள்நாட்டு இரயில்பாதை அப்படி நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. கிம்மின் முதல் வாக்குறுதி அதுதான். 2019 ஜனவரி 29 அன்று அரசு 23 திட்டங்களுக்கு விலக்கு அறிவித்தது, மொத்தம் 24.1 லட்சம் கோடி வொன். அதில் இந்த இரயிலுக்கு மட்டும் 4.7 லட்சம் கோடி, பட்டியலிலேயே மிகப் பெரியது.

மறுநாள், ஜனவரி 30, இணையக் கருத்து மோசடி வழக்கில் கிம்முக்கு முதல் தீர்ப்பு வந்து நீதிமன்றத்திலிருந்தே சிறைக்குப் போனார். அரசியல் வாழ்வின் உச்சமும் சரிவும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்.

அடுத்தது ஆட்கள். பொருளாதாரத் துணை ஆளுநராகத் தொழில்துறை அமைச்சகத்தின் மூத்த அதிகாரி மூன் சுங்-வூக்கை 2018இல் கொண்டுவந்தார். பிறகு அவர் பிரதமர் அலுவலகம் போய், 2021 மேயில் தொழில்துறை அமைச்சரே ஆனார். சாங்வோன் தொழிற்பேட்டை 2019 பிப்ரவரியில் திறன்மிகு தொழிற்பேட்டைக்கான முதல் இரண்டு இடங்களில் ஒன்றாகத் தேர்வானபோது, அந்த அமைச்சகத்தின் நடைமுறை தெரிந்த ஆள் சாங்வோனில் இருந்தார். கப்பல் தொழில் சரிந்து, எந்திரப் பாகம் செய்யும் சிறு ஆலைகள் ஆர்டர் இல்லாமல் தவித்த நேரம் அது.

ஹோங் மூடிய மருத்துவமனைக்கு மாற்று வேண்டும் என்ற கேள்வியை 2020இல் பொதுமக்கள் கலந்தாய்வுக் குழுவிடம் விட்டார். ஆணை போட்டு முடிக்காமல் அப்படிச் செய்தது சரியான முடிவு. ஆணையால் திறந்ததை அடுத்தவர் ஆணையால் மூடலாம். மக்கள் உட்கார்ந்து ஒப்புக்கொண்டதை மூடுவது கடினம்.

2020 மார்ச் 8 அன்று, கொரோனா தொடக்கத்தில், நாட்டு மக்கள் எல்லோருக்கும் தலைக்கு 10 லட்சம் வொன் பேரிடர் அடிப்படை வருமானம் என்று முன்மொழிந்தார். மே மாதம் அரசு கொடுத்தது குடும்ப அளவில், நால்வரோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்கு 10 லட்சம். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் என்ற கோட்பாடு நின்றது.

தாழ்வாரம்:

மன்னிக்கவும், இது புகழ்மாலை மாதிரி இருக்கிறது. ஆய்வு விலக்கை வேறு கோணத்திலும் பார்க்கலாம். தேறாத திட்டத்தை அதிபரின் நெருங்கிய ஆளுநர் பெற்றார் என்றும் அன்றைக்கே விமர்சனம் வந்தது. 23 திட்டங்கள், ஏறக்குறைய எல்லா மாகாணத்துக்கும் ஒன்று என்று பிரித்துக்கொடுத்ததால் எதிர்ப்பு அமுங்கியது. நான்கு பெரிய ஆறுகள் திட்டத்தில் லீ மியுங்-பாக் இதே ஆய்வைத் தவிர்த்தபோது கண்டித்தவர்கள், தங்கள் ஆட்சியில் அதையே செய்தார்கள். தொடர்பால் வரும் நிதி, தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

புசானின் காடோக்தோ தீவில் புதிய விமான நிலையம் என்ற திட்டமும் அப்படித்தான். 2016இல் பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் ஆராய்ந்து கிம்ஹே விமான நிலையத்தை விரிவாக்கச் சொன்னது. 2018இல் புசான், உல்சான், தெற்கு கியோங்சாங் மூன்றும் ஜனநாயகக் கட்சி கைக்கு வந்ததும் மறு ஆய்வு கேட்டார்கள். 2020 நவம்பரில் பிரதமர் அலுவலகக் குழு அடிப்படையிலேயே மறுபரிசீலனை தேவை என்றது. 2021 பிப்ரவரி 26 அன்று தனிச் சட்டம் நிறைவேறியது, புசான் மேயர் இடைத்தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு. தேதியைப் பார்த்தாலே போதும்.

பூவரசு:

தேதியை நானும் பார்க்கிறேன். கிம்ஹே ஓடுதளத்துக்கு வடக்கே மலை, சுற்றிலும் குடியிருப்பு, இரவில் பறக்கத் தடை. சரக்கு விமானத்துக்கு அது ஒத்துவராது என்ற வாதம் 2018க்கு முன்பே இருந்தது. 2002இல் சீன விமானம் ஒன்று அந்த மலையில் மோதியதை அங்கே யாரும் மறக்கவில்லை. தேர்தல் அதை விரைவுபடுத்தியது, அது உண்மை. வாதத்தையே தேர்தல் உருவாக்கவில்லை.

நாடோடி வாசகன்:

வழக்கைப் பற்றிச் சட்டப்பக்கம் விரிவாக எழுதினால் நல்லது. 'ட்ரூகிங்' என்ற பெயர் மட்டும் எங்கும் அடிபடுகிறது, உள்ளே நடந்தது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

சட்டப்பக்கம்:

வரிசையாகச் சொல்கிறேன்.

ட்ரூகிங் என்ற பெயரில் வலைப்பூ எழுதி ஆயிரக்கணக்கான வாசகர்களைச் சேர்த்த ஒருவர், பாஜுவில் பதிப்பக அலுவலகம் ஒன்றை வைத்துக்கொண்டு தன் குழுவை நடத்தினார். நேவர் போன்ற தளங்களில் செய்தியின் கீழே வாசகர் கருத்துகளுக்கு 'உடன்பாடு', 'எதிர்ப்பு' அழுத்தலாம். அதிக உடன்பாடு பெற்றது மேலே நிற்கும்; பெரும்பாலோர் மேலே நிற்கும் இரண்டு மூன்றை மட்டுமே படிப்பார்கள். குழு எழுதிய கிங்கிராப் என்ற நிரல், பல கணக்குகளில் மாறி மாறி நுழைந்து இந்தப் பொத்தானைத் தானே அழுத்தியது. முதலில் கைபேசிகளை வரிசையாக வைத்து, பிறகு வாடகைச் சேவையகத்தில். சிறப்பு விசாரணை வழக்கறிஞர் கணக்கில் 2016 இறுதியிலிருந்து 2018 தொடக்கம் வரை சுமார் 76,000 செய்திகள், 8.8 கோடி அழுத்தல்கள்.

இதை வெளியே கொண்டுவந்தது ஜனநாயகக் கட்சியின் சொந்தப் புகார். 2018 ஜனவரியில் பியோங்சாங் ஒலிம்பிக்கின் வட-தென் கொரியக் கூட்டு மகளிர் அணிச் செய்தியில் அரசுக்கு எதிரான கருத்துகள் திடீரென மேலே ஏறின. எதிர்முகாம் வேலை என்று நினைத்துக் கட்சி புகார் கொடுத்தது. நேவரும் விசாரணை கேட்டது. பிடிபட்டவர்கள் அதே கட்சிக்குச் சந்தா கட்டும் உறுப்பினர்கள். ஏப்ரலில் கிம்மின் பெயர் வந்தது.

அவர்கள் ஏன் அரசுக்கு எதிராகத் திரும்பினார்கள்? தன் ஆள் ஒருவரை ஜப்பானின் ஒசாகாவில் துணைத் தூதராக்கவேண்டும் என்று ட்ரூகிங் கிம்மிடம் கேட்டார். கிம் அந்தப் பெயரை நீல மாளிகைக்குத் தெரிவித்தார். மறுக்கப்பட்டது. அதன் பிறகு அதே நாட்டின் செண்டாய் நகரத் துணைத் தூதர் பதவி பற்றிப் பேச்சு வந்தது. மூனுக்கு நெருக்கமானவர் என்ற ஒரே காரணத்தால் கிம்மைத் தேடி வந்தவர்கள் அவர்கள். கேட்டது கிடைக்காதபோது அந்த நெருக்கத்தையே ஆயுதமாக்கினார்கள்.

குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, கணினி வழியாகத் தொழிலுக்கு இடையூறு. கருத்துப் பொத்தானைத் திருத்துவதையே குற்றமாக்கும் தனிப் பிரிவு இல்லாததால், நேவர் முதலான நிறுவனங்களின் சேவைக்கு இடையூறு என்ற பிரிவில்தான் வழக்கு. அதிகபட்சம் 5 ஆண்டு. இரண்டு, செண்டாய் பதவியைத் தேர்தல் உதவிக்குக் கைம்மாறாகச் சொன்னார் என்ற தேர்தல் சட்டக் குற்றம்.

2019 ஜனவரி 30: முதலாவதற்கு 2 ஆண்டு சிறை, இரண்டாவதற்கு 10 மாதம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 77 நாள் சிறைக்குப் பின் ஏப்ரல் 17 அன்று 20 கோடி வொன் பிணையில் வெளியே வந்தார். சாங்வோனில் வசிக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த 77 நாளும் நிர்வாகத் துணை ஆளுநரே பொறுப்பு. ஆளுநர் காவலில் இருந்தால் அப்படித்தான் சட்டம். 2020 நவம்பர் 6 மேல்முறையீட்டில் தேர்தல் குற்றத்திலிருந்து விடுதலை, இடையூறுக்கு அதே 2 ஆண்டு. 2021 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; அந்த நொடியே பதவி போயிற்று. ஜூலை 26 சாங்வோன் சிறைக்குப் போனார். எஞ்சிய காலம் ஓர் ஆண்டுக்கும் குறைவு என்பதால் இடைத்தேர்தல் நடத்தவில்லை. மறுபடியும் பொறுப்பு ஆளுநர்.

தாழ்வாரம்:

ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. எல்லாம் 2016 நவம்பர் 9 மாலையில் தொங்குகிறது. அன்று பாஜு அலுவலகத்தில் கிங்கிராப் சோதனைப் பதிப்பை கிம் பார்த்தாரா என்பதே கேள்வி. போனதை அவர் மறுக்கவில்லை, பார்த்ததை மறுத்தார். எல்லோரும் சேர்ந்து கோழி டக்கால்பி வாங்கிவந்து சாப்பிட்டோம், செயல்விளக்கத்துக்கு நேரமே இல்லை என்றது அவர் தரப்பு. கடைக்காரரே மேல்முறையீட்டில் சாட்சி சொன்னார், கட்டிக்கொடுத்ததாக. ட்ரூகிங் தரப்பினர் சிறையில் வாக்குமூலத்தை ஒத்திசைத்துப் பேசிய தடயமும் இருந்தது.

சட்டப்பக்கம்:

அதை நீதிமன்றமும் கணக்கில் எடுத்தது. வாக்குமூலங்களை மட்டும் நம்பியிருந்தால் வழக்கு நின்றிருக்காது. நின்றதற்குக் காரணம் இயந்திரப் பதிவு. அந்த மாலை இரவு 8:07க்கும் 8:23க்கும் நடுவே சோதனைக் கணக்குகள் நேவரில் திரும்பத் திரும்ப இயங்கியது பதிவில் இருந்தது. கிம் அங்கிருந்த நேரத்துக்குள் அது விழுந்தது. அதன் பிறகு ட்ரூகிங் செய்திப் பட்டியல்களை அனுப்பிக்கொண்டேயிருந்தார், கிம்மும் சில செய்தி இணைப்புகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தே உடந்தை என்றார்கள்.

தேர்தல் குற்றத்தில் மட்டும் ஒரு சட்ட நுட்பம். வேட்பாளர் இன்னார் என்று முடிவாகும் முன் அந்தப் பிரிவு பொருந்தாது என்றது மேல்முறையீட்டு மன்றம். உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆனாலும் செண்டாய் பேச்சுக்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையை அப்படியே விட்டது.

தண்டனை அளவும் முக்கியம். தேர்தல் சட்டக் குற்றத்தில் 10 லட்சம் வொன் அபராதம் போட்டாலே பதவி போகும். மற்றக் குற்றங்களில் சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டதாக இருந்தாலும், உறுதியானால் போகும். இந்த இரண்டு கோடுகளையும் நினைவில் வைத்தால் கொரிய ஆளுநர்களின் வழக்குகளைப் படிப்பது எளிது.

கடற்கரை67:

அதே காலத்தின் மூன்று ஆளுநர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெற்கு சுங்சோங்கின் ஆன் ஹீ-ஜோங், இவரும் ரோவின் ஆள், 2018 மார்ச்சில் செயலரின் பாலியல் குற்றச்சாட்டில் விலகி, 2019 செப்டம்பரில் மூன்றரை ஆண்டு சிறை உறுதியானது. கியோங்கி மாகாணத்தின் லீ ஜே-மியுங், தேர்தல் விவாதத்தில் பொய் சொன்னார் என்ற வழக்கில் மேல்முறையீட்டில் 30 லட்சம் வொன் அபராதம். அது நின்றிருந்தால் பதவி போயிருக்கும். 2020 ஜூலை 16 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஐந்து என்ற கணக்கில் அதைத் திருப்பியனுப்பியது. ரோ-மூன் வழியில் வந்த இருவரும் களத்திலிருந்து போனார்கள். அந்த வழியில் வராத லீ 2022இல் வேட்பாளர், 2025இல் அதிபர். ஜனநாயகக் கட்சியின் தலைமை யாரிடம் போனது என்பதை இந்த மூன்று தீர்ப்புகளைத் தவிர்த்து விளக்கவே முடியாது.

நாடோடி வாசகன்:

கிம் போனபின் அவர் தொடங்கியவை என்ன ஆயின? மூன்று பகுதிகளை இணைக்கும் பெருநகரத் திட்டம்?

பூவரசு:

அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. புசான், உல்சான், தெற்கு கியோங்சாங் மூன்றும் சேர்ந்தால் சுமார் 80 லட்சம் மக்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்வரும் இரயில் வலை, பொதுவான தொழில் திட்டம், இளைஞர்கள் சியோலுக்குப் போகாமல் தங்க ஓரிடம்: இதுதான் யோசனை. நாட்டு மக்களில் பாதிப்பேர் தலைநகர் வட்டாரத்தில் குவிந்திருக்கும்போது அது ஆடம்பரமே இல்லை.

சட்ட வடிவம் 'சிறப்பு உள்ளாட்சி அமைப்பு'. மூன்று அவைகளும் ஒரே விதிமுறையை நிறைவேற்றி, அரசு ஒப்புதல் தரவேண்டும். 2022 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது, மூன் பதவி முடிய மூன்று வாரம் இருக்கையில். வேலை தொடங்கவேண்டியது 2023 ஜனவரி. நடுவே ஜூன் தேர்தல். தெற்கு கியோங்சாங்கில் பழமைவாதக் கட்சியின் பார்க் வான்-சூ 65.7 விழுக்காட்டுடன் ஆளுநராக வந்தார்; செப்டம்பரில் மாகாணம் இந்த அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். எல்லாம் புசானுக்கே போகும், மேற்கு ஜின்ஜு பக்கத்துக்கு எதுவும் வராது, தனி வரி அதிகாரமும் இல்லாத அமைப்பு எதற்கு என்பது அவர் வாதம். ஒரு மாதத்துக்குமேல் நீடிக்காத எதிர்ப்பில் எல்லாம் கலைந்தது.

தாழ்வாரம்:

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அதிகாரமும் நிதியும் சட்டத்தில் எழுதப்படாமல், மூன்று தலைவர்களும் ஒரே கட்சி, அதிபரும் நண்பர் என்பதை நம்பிக் கட்டியது. 2020இல் புசான் மேயர் விலகினார், 2021இல் கிம் சிறை போனார், 2022இல் உல்சானும் கை மாறியது. மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இரயிலுக்கு அமைச்சரவை முடிவும் பட்ஜெட் வரியும் இருந்தன, அதனால் தப்பியது. இதற்கு எதுவும் இல்லை.

கடற்கரை67:

அவருடைய பிற்பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2022 டிசம்பர் 28 அன்று அன்றைய அதிபர் யூன் சுக்-யோல் எஞ்சிய தண்டனையைத் தள்ளுபடி செய்தார். சுமார் ஐந்து மாதம் மிச்சமிருந்தது. அதே பட்டியலில் லீ மியுங்-பாக்குக்கு முழு மன்னிப்பு, உரிமை மீட்புடன். கிம்முக்கு உரிமை மீட்பு இல்லை, அதாவது 2027 இறுதிவரை எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. 2024 ஆகஸ்டில் அந்தத் தடை நீங்கியது. அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவர், 2024 டிசம்பர் 3 இராணுவச் சட்ட அறிவிப்பு நடந்தவுடன் 5ஆம் தேதி நாடு திரும்பினார். 2025 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான உள்தேர்தலில் லீ ஜே-மியுங் 89.77, கிம் டோங்-யோன் 6.87, கிம் கியோங்-சூ 3.36. மூன் முகாமின் வாரிசு என்ற அடையாளத்துக்கு அந்தக் கட்சியில் எவ்வளவு எடை மிச்சம் என்பதை அந்த எண் சொல்லிவிட்டது.

லீ அதிபரானபின் அவரை அதிபரின் கீழ் இயங்கும் உள்ளூர்க் கால ஆணையத்தின் தலைவராக 2025 ஜூலையில் அமர்த்தினார்.

நாடோடி வாசகன்:

அந்த ஆணையத்தால் எதையாவது செய்ய முடியுமா, அல்லது கௌரவப் பதவியா?

சட்டப்பக்கம்:

அது ஆலோசனை ஆணையம். சொந்தமாகப் பட்ஜெட் செலவழிக்கும் அமைச்சகம் அல்ல. ஐந்து பெருமண்டலம், மூன்று சிறப்புத் தன்னாட்சி மாகாணம் என்ற லீ அரசின் திட்டத்தை ஒருங்கிணைப்பது அதன் வேலை. ஐந்தில் ஒன்று புசான், உல்சான், தெற்கு கியோங்சாங். 2022இல் கலைந்த அதே எல்லைக்கோடு. நிதி ஒதுக்கீட்டை நிதித் துறையும், சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றமும்தான் செய்யவேண்டும். ஆகவே ஆணையத் தலைவரின் பலம் அதிபர் எத்தனை முறை கூப்பிட்டுப் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. மண்டல அமைப்புக்கு வரிப் பங்கையும், ஓர் உறுப்பு மாகாணம் தனியே விலகுவதற்குத் தடையையும் சட்டமாக எழுத ஆணையம் வைக்கிறதா என்பதைக் கவனியுங்கள். தாழ்வாரம் சுட்டிய ஓட்டை அடைபடுவது அங்கேதான். மற்ற அறிவிப்புகளை வைத்து எதையும் கணிக்க வேண்டாம்.